ஜண்டா மெரானா தண்ணீரும் நான் போட்ட கையெழுத்தும்

ஆயர் குரோவுக்கு மாறிப் போய்விட்ட எங்கள் நர்சரியிலிருந்து போன மாதம் மூன்று பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தார்கள். மூவரும் நன்றாகப் படித்தவர்கள். கையில் ஒரு போத்தல் கொண்டுவந்தார்கள். அதன்மேல் ஓர் இலை பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. ‘இயற்கை வேர் ஊக்கி’ என்று மூன்று மொழியில் அச்சடித்திருந்தார்கள். மூடியைத் திறந்து முகர்ந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஜண்டா மெரானா தண்ணீர்.

“ஆண்ட்டி, இத நீங்க அந்தக் காலத்துலயே செஞ்சீங்களாமே. செய்முறையும், கூடவே ரெண்டு சந்தோஷமான ஞாபகமும் எழுதிக் குடுங்க. நர்சரிக்கு நினைவு மலர் ஒண்ணு அச்சடிக்கிறோம்,” என்றாள் அவர்களில் மூத்தவள்.

செய்முறை தருகிறேன். சந்தோஷமான ஞாபகம் என்னிடம் கிடையாது. இந்தத் தண்ணீரை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஓய்வு பெற்றால் ஆறிவிடும் என்று இருந்தேன். ஆறவில்லை. பிடித்தால் அச்சடியுங்கள், பிடிக்காவிட்டால் கிழித்துப் போடுங்கள்.

நான் பிறந்தது அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. பத்தொன்பது வயதில் கல்யாணமாகி மலாக்கா செமாபோக்குக்கு வந்தேன். என் கணவர் ராமையா ஓர் ஆபீஸில் லாரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். ஊர்ப் பூங்காக்களுக்கும் சாலையோரங்களுக்கும் செடி வளர்த்துக் கொடுக்கும் நர்சரியும் அந்த ஆபீஸுடையதுதான். அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கே எனக்கும் வேலை கிடைத்தது. முதல் வருடம் புல் பிடுங்கினேன். அடுத்த வருடம் மண் சலித்துத் தொட்டி நிரப்பினேன். மூன்றாவது வருடம் கையில் கத்தியைக் கொடுத்துக் குச்சிக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். நல்ல செடியிலிருந்து குச்சி வெட்டி, மணலில் நட்டு, வேர் வரவழைக்கிற இடம் அது. என் படிப்பு இவ்வளவுதான்.

அந்தக் கொட்டகையில் எனக்கு முன்பே இருந்தவர் தேவன் பிள்ளை. காஜா பேராங்கில் உள்ள கம்போங் செட்டிக்காரர், பல நூறு வருடத்துக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர்களின் கிராமம் அது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். திருநீறு இல்லாமல் வேலைக்கு வரமாட்டார். ஆனால் தமிழில் முழுசாக ஒரு வாக்கியம் பேசத் தெரியாது. சாமி பெயரும் சடங்கின் பெயரும்தான் தமிழ், மற்றதெல்லாம் அவர்கள் வீட்டு மலாய். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவர் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன். நான் அவரை ‘அபாங்’ என்பேன், அதாவது அண்ணன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நாங்கள் சேர்ந்து வேலை செய்த காலத்தில் ஒரு தடவைகூட அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு குளம். கரையில் இரண்டு மரங்கள், கிளைகளைத் தண்ணீரில் தொங்கவிட்டபடி நிற்கும். மலாய்க்காரர்கள் அதை ஜண்டா மெரானா என்பார்கள். ஏங்கிக் கிடக்கும் விதவை என்று அர்த்தம். தமிழ்நாட்டில் ஆற்றங்கரையில் வளரும் வஞ்சி மரம் இதற்கு உறவு என்று பிற்பாடு ஒருவர் சொன்னார். ஒருநாள் அந்த மரத்தின் கிளைகளைக் கழித்துவிட்டு, செடி கட்ட நாராக உதவுமே என்று பச்சைக் குச்சிகளை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவைத்தோம். நட்டது போக மிஞ்சிய காகிதப்பூக் குச்சிகள் ஏழெட்டையும் நான் அதே வாளியில் செருகினேன். பிறகு இரண்டு பேருமே மறந்துபோனோம்.

இரண்டு வாரம் கழித்து வாளியைக் கவிழ்க்கப் போனவர் தேவன் பிள்ளை. கவிழ்க்காமல் என்னைக் கூப்பிட்டார். ஜண்டா மெரானா வேர் விட்டிருந்தது. அது எதில் போட்டாலும் வேர் விடும். காகிதப்பூவும் விட்டிருந்தது. மணலில் நட்ட அதே காகிதப்பூவைத் தோண்டிப் பார்த்தோம், வெறும் குச்சியாக இருந்தது.

“மரம் தன்னோட சத்தைத் தண்ணில விடுது. பக்கத்துல இருந்தது குடிச்சிடுச்சு,” என்றார் அவர்.

அப்படித்தான் அது தொடங்கியது. யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு வருடம் செம்பருத்தி, இட்லிப்பூ, ரோஜா என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, கெட்டு, மறுபடி செய்து, ஒரு பக்குவத்துக்கு வந்தோம்.

செய்முறை கேட்டீர்களே, கேளுங்கள். பென்சிலைவிட மெல்லிய, அந்த வருடத்துக் குச்சிதான் வேண்டும். பட்டை பச்சையாகவோ மஞ்சளாகவோ இருக்கணும், பழுப்பாகிவிட்டால் வேண்டாம். விடிந்து வெயில் ஏறுமுன் வெட்டணும். இலையை எல்லாம் உருவிவிடணும், ஓர் இலை கிடந்தாலும் தண்ணீர் நாறும். விரல் கணு நீளத்துக்கு நறுக்கி, உலக்கையால் லேசாகத் தட்டணும், நசுங்கக் கூடாது, பட்டை பிளந்தால் போதும். ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு குச்சி, அதன்மேல் கொதிக்கிற தண்ணீர். பச்சைத் தண்ணீரும் ஊற்றலாம், ஆனால் நம் ஊர்ச் சூட்டில் மூன்றாம் நாள் புளித்துவிடும். மூடிவைத்து, ஒரு நாள் கழித்து வெள்ளைத் துணியில் வடிகட்டணும். பால் விடாத தேநீரை இன்னும் தண்ணீராக்கிய மாதிரி நிறம் வரும். கருத்திருந்தால் கொட்டிவிடுங்கள். நட வேண்டிய குச்சியின் அடியைச் சாய்வாக வெட்டி, வெட்டின உடனே இதில் நிறுத்துங்கள். ஒரு பகலோ ஓர் இரவோ நின்றால் போதும். பிறகு கழுவின ஆற்று மணலில் நடுங்கள். நட்டபின் தொடாதீர்கள். செய்முறையில் இதுதான் முக்கியமான வரி, உங்கள் போத்தலில் இந்த வரி இல்லை.

இப்போது துரைராஜ் சாரைப் பற்றிச் சொல்லணும்.

அவர்தான் நர்சரி சூப்பரின்டெண்ட். விவசாயம் படித்துச் சான்றிதழ் வாங்கியவர். வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால்வரை காலுறை. சேற்றில் நாள் முழுக்க நடந்தாலும் அந்தக் காலுறையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. சத்தம் போடமாட்டார், கெட்ட வார்த்தை பேசமாட்டார். சட்டைப் பையில் ஒரு பச்சைப் பென்சில். நாம் எழுதிய அட்டையில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்திவிட்டு, “மறுபடி எழுது,” என்பார். தன் தவறு என்று வந்தால் மட்டும் அந்தப் பென்சில் பையைவிட்டு வெளியே வராது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தினம் காலை எட்டு மணிக்குக் கொட்டகைக்கு வருவார். மணல் பாத்தியில் நிற்கிற குச்சிகளில் ஒன்றைப் பிடித்து உருவுவார். அடியைப் பார்ப்பார். “இன்னும் இல்ல,” என்று சொல்லி நம் கையில் தருவார். நாம் திரும்ப நடணும். மணலுக்குள் குச்சியின் அடியில் முதலில் வெள்ளையாக ஒரு தடிப்பு வரும், அதிலிருந்துதான் வேர் புறப்படும். உருவினால் அந்தத் தடிப்பு உரியும். முளைத்த வேர் அறுந்துபோகும். இதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இருந்ததில்லை. தேவன் பிள்ளை ஒரு தடவை சொன்னார்.

“துவான், பிடுங்கினா வராது.” துவான் என்றால் ஐயா.

“பாக்காம எப்படித் தெரியும்?” என்றார் துரைராஜ் சார், அமைதியாக. மறுநாளும் உருவினார்.

வெளிநாட்டு வேர்ப் பவுடர் ஒரு டின் வந்தபோது அதை அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டார். அதைக் கத்தி நுனியில் எடுத்துத் தருவார். எங்கள் தண்ணீரைச் ‘சாயத் தண்ணி’ என்பார். ஆனால் செய்யாதே என்று சொன்னதில்லை. செடிகள் பிழைத்தன, கணக்கில் அவர் பெயருக்கு ஏறின, அதனால் கண்டுகொள்ளவில்லை.

ஊர்த் திடலான பாடாங்கில் சுதந்திர நாள் அறிவிக்கப்பட்ட வருடத்தின் கடைசி அது. ஊர் முழுக்கச் சாலைக்கும் சாக்கடைக்கும் வேலை நடந்தது. காஜா பேராங் பக்கம் புதிதாக ஒரு பெரிய வாய்க்கால் வெட்டத் திட்டம் போட்டார்கள். அது போகிற வழியில் கம்போங் செட்டியின் ஒரு குடும்பக் கோயில் முற்றத்தில் வெள்ளைச் செண்பக மரம் ஒன்று நின்றது. நாலு தலைமுறை மரம் என்றார்கள். அந்தக் கம்போங்கில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் கொண்டைக்கு அந்த மரத்துப் பூதான். அம்மனுக்கும் அதுதான். வெட்டக் கூடாது என்று பெரியவர்கள் மறியலாக நின்றார்கள்.

ஆபீஸ் துரைராஜ் சாரை அனுப்பியது. அவர் தேவன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மரத்திலிருந்தே கன்று எடுத்து, ஒவ்வொரு குடும்பக் கோயிலுக்கும் ஒன்று தருவதாகச் சொன்னார். பெரியவர்கள் நம்பவில்லை. அங்கே மூத்தவர் ஒருவர், தேவன் பிள்ளையைப் பார்த்துக் கேட்டாராம். “இந்த ஆபீஸ்காரரை எனக்குத் தெரியாது. உன்னைத் தெரியும். உன்னால முடியுமா?”

“முடியும்,” என்று அம்மன் வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தார்.

நான் சத்தம் போட்டேன். வெள்ளைச் செண்பகம் விதை வைக்காது. ஒட்டுக் கட்ட எங்களிடம் அடிச்செடி இல்லை. பதியம் கட்டினால் மூன்று மாதத்துக்குக் குறையாது, மரம் நிற்கப் போவதோ எட்டு வாரம். மிஞ்சியது குச்சி. செண்பகக் குச்சி நூறு நட்டால் நூறும் அழுகுவதை நான் பார்த்திருக்கிறேன்.

“அபாங், எந்த நம்பிக்கைல சொன்னீங்க?”

“நம்ம தண்ணி இருக்கு. நீ இருக்க,” என்றார்.

நாற்பது குச்சி வெட்டினோம். முற்றியும் முற்றாத கிளை, அடியில் கொஞ்சம் பழைய மரம் ஒட்டியபடி, இலையில் பாதியைக் கத்தரித்து. துரைராஜ் சார் இருபதைப் பவுடரில் தோய்க்கச் சொன்னார். மீதி இருபதைத் தேவன் பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்டார். அவற்றை எங்கள் தண்ணீரில் நிறுத்தினோம். இரண்டு பாத்தி, ஒரே மணல், ஒரே நிழல். மேலே ஈரச் சாக்கு. ஒரு நாளைக்கு மூன்று தடவை பனி மாதிரித் தெளிப்போம். நான் அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். குனிந்தால் மூச்சு வாங்கும். அவர் குனிவார், நான் வாளி தூக்கித் தருவேன்.

நாலாம் வாரத்துக்குள் பவுடர் பாத்தி முழுக்கக் கருத்துவிட்டது. எங்கள் பாத்தியில் ஆறு போயிற்று, பதினாலு பச்சையாக நின்றன. துரைராஜ் சார் பவுடர் பாத்தியை ஒரு தடவைகூடத் தொடவில்லை. எங்கள் பாத்திக்கு வந்து உருவ ஆரம்பித்தார். நான் முன்னால் நின்று சொன்னேன், “சார், இத மட்டும் விட்டுடுங்க. ரெண்டு வாரம்.”

அவர் என்னைப் பார்த்தார். “சரி,” என்றார். அதிசயமாக ஒன்பது நாள் தொடவில்லை.

பத்தாம் நாள் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி நர்சரி பார்க்க வந்தார். சுதந்திர விழாத் தொட்டிகளைப் பார்வையிட வந்தவர். அவருக்குக் காட்டத் துரைராஜ் சாரிடம் வேறு பெருமை எதுவும் இல்லை. நேரே எங்கள் பாத்திக்கு வந்து சாக்கை விலக்கினார். ஒரு குச்சியை உருவினார். அடியில் இரண்டு வெள்ளை வேர், அரை அங்குலம் இருக்கும். செண்பகக் குச்சியில் வேரை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கியது.

அதிகாரி ஆச்சரியப்பட்டார். அதைப் பார்த்ததும் துரைராஜ் சாருக்குக் கை நிற்கவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று பதினாலையும் உருவினார். வெளியே வெயிலில் மேசைமேல் வரிசையாக அடுக்கினார். கூட வந்தவர்கள் எடுத்துப் பார்த்தார்கள், கை மாற்றினார்கள். தேவன் பிள்ளை ஈரத் துணியோடு பக்கத்தில் போனார். துரைராஜ் சார் அவரைத் திரும்பிப் பார்க்காமலே கையால் தள்ளி நிற்கச் சொன்னார். அரை மணி நேரம். எல்லாரும் தேநீர் குடிக்கப் போன பிறகு மேசையிலிருந்து நாங்கள் பொறுக்கினோம். வேர்கள் நூல் மாதிரிச் சுருண்டிருந்தன.

திரும்ப நட்டோம். தண்ணீரில் நிறுத்திப் பார்த்தோம். பத்து நாளில் பதினாலும் செத்தன.

பிறகு ரிப்போர்ட் வந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு அடித்த ஒரு பக்கம். துரைராஜ் சார் என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினார். அனுமதி இல்லாமல் தொழிலாளி தேவன் பிள்ளை மரக் குச்சி ஊறிய அழுக்குத் தண்ணீரை உபயோகித்தார். அதனால் அழுகல் நோய் பரவி எல்லாக் குச்சிகளும் கெட்டன. காரணம் அவருடைய கவனக்குறைவு. இதை அவரோடு வேலை செய்த அஞ்சலை நேரில் பார்த்தவர். கீழே என் பெயர், பக்கத்தில் காலி இடம்.

“இது நடக்கலையே சார்,” என்றேன்.

“உன் பேரும் அந்தத் தப்புல வரணும்னா சொல்லு, மாத்தி அடிக்கிறேன். ராமையா லாரிலதான இருக்கான்? குவார்ட்டர்ஸ் நம்ம ஆபீஸுதுதான?” என்றார். அதே மெல்லிய குரல். சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல இருந்தது. பேனாவைத் திறந்து என் பக்கம் வைத்தார்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

வயிற்றில் பிள்ளை இருந்தது, வீடு போய்விடும் என்ற பயம் இருந்தது, வயது இருபத்து மூன்று. இதையெல்லாம் நான் எனக்கே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். என்மேல் உள்ள கோபம் அதனால் ஒரு துளியும் குறைந்ததில்லை. தமிழில்தான் போட்டேன். அழகான எழுத்து என்று பள்ளிக்கூடத்தில் பாராட்டு வாங்கிய கையெழுத்து அது.

அந்த வாரமே தேவன் பிள்ளையை வேலையை விட்டு நீக்கினார்கள். கடிதத்தை வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்து தன் கத்தியை எடுத்தார். நான் தலை தூக்கவில்லை.

“நீ போட்டேன்னு தெரியும். கிளார்க் சொல்லிட்டான்,” என்றார். “பிள்ளை பிறக்கணும். வாயத் தொறக்காத.”

அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி அழுது தீர்த்திருப்பேன். அந்த வருடம் அவரைக் கோயில் காரியம் எதற்கும் கம்போங் பெரியவர்கள் கூப்பிடவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அம்மன் வாசலில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாத ஆள் அல்லவா.

மரம் வெட்டும் நாளன்று ராமையாவின் லாரிதான் கட்டை ஏற்றப் போனது. அவரிடம் காலையிலேயே சொல்லிவைத்தேன். நுனிக் கிளையாகப் பார்த்து ஒரு கட்டு, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அனுமதி கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பின்புறம் பிஸ்கட் டின் நாலில் மணல் நிரப்பி, குளத்தங்கரையிலிருந்து மடியில் கட்டிவந்த ஜண்டா மெரானாக் குச்சியில் தண்ணீர் செய்தேன். பதினோரு குச்சி. தெளிப்பேன், மூடுவேன். எனக்கே உருவிப் பார்க்கக் கை அரிக்கும். ராமையா டின்களைச் சுற்றிக் கம்பி வலை அடித்துக் கொடுத்தார். இடையில் பிள்ளையும் பிறந்தான்.

இரண்டு மாதம் கழித்து மூன்று குச்சிகள் புது இலை விட்டன. இலை விட்டது போதாது என்று இன்னும் ஒரு மாதம் காத்திருந்தேன். டின்னின் அடி ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்த்தது.

பிள்ளைப்பேறு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஒரு செடியை டின்னோடு தூக்கிப் போய்த் துரைராஜ் சார் மேசைமேல் வைத்தேன்.

“என்ன இது?”

“கோயில் செண்பகம். நீங்க அழுக்குன்னு எழுதின தண்ணியில வந்தது. என் வீட்டுல இன்னும் ரெண்டு இருக்கு. அங்க யாரும் உருவலை, அதனால பொழச்சிச்சு.”

அவர் டின்னைச் சுற்றிப் பார்த்தார். அடியில் வேரைப் பார்த்தார். இலையைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் உண்மையான சந்தோஷம் வந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. அவருக்குச் செடி பிடிக்கும்.

“நல்லா வந்திருக்கு,” என்றார். ஓர் அட்டையை எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். செடியின் பெயர், இடம், பவுடர் முறை.

“பவுடர் இல்ல சார்.”

“ரிப்போர்ட்ல தண்ணி கெட்டதுன்னு இருக்கு. இப்ப தண்ணில வந்துச்சின்னு எப்படி எழுதுறது?”

“அப்ப ரிப்போர்ட்ட மாத்துங்க. தேவனத் திரும்ப எடுங்க. நீங்கதான் வெயில்ல வெச்சீங்க, நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்.”

“ரிப்போர்ட் மேல போயிடுச்சு அஞ்சலை. சொல்லு, யார் வேணாம்னா? கீழ இருக்கிறது உன் கையெழுத்து. அன்னிக்குப் பொய்யா, இன்னிக்குப் பொய்யான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?”

கையில் டின் இருந்திருந்தால் எறிந்திருப்பேன், அதை அவர் எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டார்.

மீதி இரண்டு செடிகளுக்கும் ஆள் அனுப்பினார். ஆபீஸ் சொத்து, கொடுக்காவிட்டால் திருட்டு என்று சொல்லச் சொன்னார். சுதந்திரம் வருவதற்குச் சில வாரம் முன்பு, மூன்றையும் தானே கம்போங் செட்டிக்குக் கொண்டுபோய், கொடுத்த வாக்கை ஆபீஸ் காப்பாற்றியது என்று சொல்லிக் கோயிலில் நட்டார். பெரியவர்கள் மாலை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். தேவன் பிள்ளை கூட்டத்தின் பின்னால் நின்றார். நான் அவரிடம் போய், “இப்பவாவது சொல்றேன் அபாங்,” என்றேன்.

“சூடா லா,” என்றார். போதும் விடு என்று அர்த்தம். “மரம் வந்துடுச்சு. எனக்கு அது போதும். நீ சொன்னா உன் புருஷன் வேலை போகும்.”

அவருக்குப் போதும் என்றால் எனக்கும் போதும் என்று இருந்துவிட்டேன். அது இரண்டாவது கையெழுத்து.

என்னைப் புல் வெட்டும் கும்பலுக்கு மாற்றினார்கள். சுதந்திர நாளான மெர்டேக்கா அன்று பாடாங்கைச் சுற்றி அடுக்கியிருந்த தொட்டிகளில் பாதி நானும் தேவன் பிள்ளையும் வேர் வரவழைத்தவை. முதல் நாள் அதே பாடாங்கில் நான் புல் வெட்டினேன். மூன்று வருடம் கழித்துத் துரைராஜ் சார் பதவி உயர்ந்து வேறு ஊருக்குப் போனார். அதன் பிறகுதான் என்னைத் திரும்பக் கொட்டகைக்கு எடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கே இருந்தேன். அந்தத் தண்ணீரை என் கையால் மறுபடி செய்ததில்லை.

தேவன் பிள்ளை கடைசிவரை வீடு வீடாகப் போய்த் தோட்ட வேலை செய்தார். தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போவேன், பொங்கலுக்கு அவர்கள் என் வீட்டுக்கு வருவார்கள். எந்த வீட்டிலும் அந்தப் பேச்சு எழுந்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவர் போய்விட்டார். வீட்டில் இப்போது மகள் இந்திராணியும் அவள் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இந்த வருடத் தீபாவளிக்குக் காஜா பேராங் போயிருந்தேன். இந்திராணி எனக்குத் தேநீர் வைத்தாள். உள்ளே அவள் பெரிய மகன் ஏதோ உடைத்துவிட்டான். அவள் மலாயில் கத்தினாள். “கவனமே கிடையாது. உன் தாத்தா மாதிரி. கவனமில்லாமத்தான் நல்ல கவர்மெண்ட் வேலைய விட்டுட்டு ஊர் ஊராப் புல்லு வெட்டினாரு.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“யார் சொன்னா?” என்று கேட்டேன்.

“சுராட் இருக்கு மாச்சிக்,” என்றாள். சுராட் என்றால் கடிதம், மாச்சிக் என்றால் அத்தை. “அப்பா பெட்டில இருந்துச்சு. கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு. சின்ன வயசிலயே கேட்டேன், ஆமா, என் தப்புதான்னு சொல்லிட்டாரு.”

அப்போதே உட்கார்ந்து சொன்னேன். வாளியில் தொடங்கி, வெயிலில் அடுக்கினது, அறையில் பேனா, பிஸ்கட் டின், எதையும் விடவில்லை. அவள் மகன்கள் இரண்டு பேரும் வாசலில் வந்து நின்று கேட்டார்கள்.

“அப்பாவுக்குத் தெரியுமா, நீங்க கையெழுத்துப் போட்டது?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஒவ்வொரு தீபாவளிக்கும் இங்க வந்து சாப்பிட்டீங்க.”

“ஆமா.”

அவள் எழுந்து, நான் பாதி குடித்திருந்த கோப்பையை என் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் எனக்கு நடக்க வேண்டியது சரியாக நடக்கிறது என்று நினைத்தேன். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். அழவில்லை. அப்பாவின் குரல் அவளுக்கு இல்லை, உரத்த குரல்.

“வாயால சொன்னா போதாது. அங்க எழுத்துல இருக்கு. துலிஸ்,” என்றாள். எழுது என்று அர்த்தம். “உங்க பேரைப் போட்டு எழுதுங்க. என் பசங்க படிக்கணும்.”

அவள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. யாராவது படித்துச் சொல்லட்டும். செண்பகக் குச்சிகள் அழுகியது தண்ணீரால் அல்ல. தேவன் பிள்ளை கவனக்குறைவாக எதையும் செய்ததில்லை. அந்த ரிப்போர்ட்டில் இருப்பது பொய், அதற்குக் கீழே இருப்பது என் கையெழுத்து. என் பெயர் அஞ்சலை ராமையா, செமாபோக்.